மின்சாரமா, கேஸா, ஹைப்ரிடா? சென்னையில் கார் மாற்ற நினைப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் தரப் பரிசோதனைப் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தவன் நான். வீடு மடிப்பாக்கத்தில், 12 குடும்பங்கள் இருக்கும் அபார்ட்மென்ட். 2022-ல் மின்சாரக் கார் வாங்கினேன். அன்றிலிருந்து மாடிப்படியில், கல்யாணப் பந்தியில், ஆபீஸ் கேன்டீனில் என்று எங்கே பார்த்தாலும் இதே கேள்விகள்தான். ஒவ்வொருவருக்கும் அரைகுறையாகச் சொல்வதைவிட ஒரே இடத்தில் முழுசாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். எந்தக் கம்பெனிக்காகவும் எழுதவில்லை.

பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிவிட்டதே, எந்தக் கார் வாங்கினால் மிச்சம்?

பதில் சொல்வதற்கு முன் நான் இரண்டு கேள்வி கேட்பேன். ராத்திரி வண்டி எங்கே நிற்கிறது? மாதம் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது? இந்த இரண்டும் தெரியாமல் யார் எந்தக் காரைச் சிபாரிசு செய்தாலும் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

கணக்கைப் பாருங்கள். கத்திப்பாரா, ஓ.எம்.ஆர். நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஓடும் பெட்ரோல் கார் லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்தாலே நல்ல வண்டி. கிலோமீட்டருக்கு 7 ரூபாய் 75 காசு ஆகிறது. சின்ன மின்சாரக் கார், சார்ஜ் ஏறும்போது வீணாவதையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு 6 கிலோமீட்டர் போகும். யூனிட்டுக்கு 10 ரூபாய் போட்டாலும் கிலோமீட்டருக்கு 1 ரூபாய் 70 காசுதான். வித்தியாசம் 6 ரூபாய். ஆனால் அதே அளவு பெட்ரோல் காரைவிட மின்சாரக் காருக்கு 4 லட்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தால், அந்தப் பணம் திரும்ப 67,000 கிலோமீட்டர் ஓட வேண்டும். மாதம் 1,500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு நாலு வருடத்துக்குள் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மாமியார் வீட்டுக்கும் மட்டும் எடுத்து, மாதம் 400 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு 14 வருடம் ஆகும். அவர் மின்சாரக் கார் வாங்குவதற்கு வேறு காரணம் இருக்கலாம். மிச்சம் பிடிப்பது காரணமாக இருக்க முடியாது.

வரியையும் சேர்த்துப் பாருங்கள். மின்சாரக் காருக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். சின்ன பெட்ரோல் கார்களுக்கு 28-ஆக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22-லிருந்து 18 ஆகிவிட்டதால் விலை இடைவெளி முன்பைவிடக் கூடியிருக்கிறது. அதற்கு முன்பு நண்பர் போட்ட கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். மின்சார வண்டிக்குத் தமிழ்நாட்டில் சாலை வரிச் சலுகையும் இருந்து வருகிறது. புக் பண்ணும் நாளில் அது நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகத்திலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருக்கும் 15 ஆம்ப்ஸ் பிளக் பாயின்ட் போதுமா?

போதும். ஆனால் அந்தப் பாயின்ட் எப்படிப்பட்டது என்று பார்த்துவிட்டுச் சொருகுங்கள். காருடன் தரும் சின்ன சார்ஜர் சுமார் 3.3 கிலோவாட் இழுக்கும். 30 யூனிட் பேட்டரி காலியிலிருந்து நிறைய 9, 10 மணி நேரம். கீசர் பத்து நிமிடம் இழுப்பதும் இது ராத்திரி முழுக்க இழுப்பதும் ஒன்றல்ல. முதல் மாதம் நான் பழைய பாயின்ட்டிலேயே போட்டேன். ஒரு நாள் காலையில் பிளக்கை எடுக்கப் போனால் வரமாட்டேன் என்கிறது. ஸ்விட்ச் போர்டு கேரமல் நிறத்துக்குப் பழுத்து, ஒரு பக்கம் உருகி, கையை வைக்க முடியாத சூடு. கீழ்வீட்டுக் குழந்தைகள் விளையாடும் இடம் அது. அன்றைக்கு வந்த நடுக்கம் இன்னும் மறக்கவில்லை.

அதற்குப் பிறகு மீட்டரிலிருந்து தனியாக 4 சதுர மில்லிமீட்டர் காப்பர் வயர், தனி எம்.சி.பி., மின்கசிவு வந்தால் உடனே விழும் பிரேக்கர், தொழிற்சாலையில் போடும் ரக சாக்கெட் எல்லாம் போட்டோம். எல்லாம் போட்டும் சார்ஜரில் சிவப்பு விளக்கு. எலக்ட்ரீஷியன் தம்பி அரை மணி நேரம் டெஸ்டரை வைத்துப் பார்த்துவிட்டு, "சார், எர்த் இல்ல" என்றார். கட்டடத்தின் எர்த் குழி மே மாத வெயிலில் காய்ந்து கிடந்தது. நாலு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வந்து ஸ்விட்சைப் போட்டோம், பச்சை எரிந்தது. அந்தக் குழியைத் தோண்டிப் புதிதாகப் போட்டபிறகுதான் அவர் விட்டார். சார்ஜர் மறுத்தது நல்லதற்குத்தான். பழுது காரில் இல்லை, 18 வருடமாக எங்கள் 12 வீட்டு கீசரும் வாஷிங் மெஷினும் சரியான எர்த் இல்லாமல்தான் ஓடியிருக்கின்றன.

அசோசியேஷன் பாயின்ட் போட விடமாட்டேன் என்கிறதே?

சென்னையில் மின்சாரக் காருக்கு முதல் எதிரி பேட்டரி கிடையாது, அசோசியேஷன் மீட்டிங்தான் என்று நான் நம்புகிறேன். சண்டைக்குப் போகாதீர்கள். அவர்கள் பயம் இரண்டே: தீப்பிடிக்குமா, பொது மீட்டரில் ஏறுமா. உங்கள் வீட்டு மீட்டரிலிருந்தே வயர் இழுக்கிறேன் என்று எழுதிக் கொடுங்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனிடம் வரைபடம் வாங்கிக் காட்டுங்கள். எங்கள் கட்டடத்தில் ஏழு மாதம் ஆனது. கடைசியில் ஒப்புக்கொள்ள வைத்தது என் பேச்சு இல்லை. மூன்றாம் மாடி அம்மாவின் மகள் மின்சார ஸ்கூட்டர் வாங்கி, பேட்டரியை மேலே தூக்க முடியாமல் தவித்ததுதான்.

அனுமதி கையில் வராமல் காருக்கு அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். திருவல்லிக்கேணி, ராயபுரம், மேற்கு மாம்பலம் சந்துகளில் தெருவோரம் நிறுத்துகிறவர்களுக்கு இன்றைய நிலையில் மின்சாரக் கார் வேண்டாம் என்றுதான் சொல்வேன். வெளியே வேகச் சார்ஜரில் யூனிட் 20 ரூபாயும் அதற்கு மேலும் ஆகும். வாரம் இரண்டு முறை அங்கே போய்க் காத்திருந்தால் மிச்சத்தில் பாதி போய்விடும், பொறுமை முழுதாகப் போய்விடும்.

கரன்ட் பில் எகிறுமா?

எகிறும், அதைச் சேர்த்தே கணக்குப் போடுங்கள். மாதம் 1,000 கிலோமீட்டர் என்றால் இரண்டு மாத பில்லில் ஏறக்குறைய 330 யூனிட் கூடும். நம் ஊரில் படிப்படியாக ரேட் ஏறுவதால், ஏற்கெனவே இரண்டு ஏ.சி. ஓடும் வீட்டில் காரின் யூனிட் எல்லாம் மேல் படியில்தான் விழும். மேலே 10 ரூபாய் போட்டதற்குக் காரணம் அதுவே. விற்பனையாளர் சொல்லும் "கிலோமீட்டருக்கு 80 காசு" உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. மொட்டை மாடியில் சோலார் இருந்தால் கதை வேறு.

சித்திரை வெயிலில் பேட்டரி தாங்குமா?

தாங்கும், ஆனால் வயதாகும். பேட்டரிக்குக் குளிரைவிட வெயில்தான் நீண்டகால விரோதி. முழுசாக சார்ஜ் ஏற்றிவிட்டு வெட்டவெளியில் நாள்கணக்கில் நிறுத்துவது மோசம். லித்தியம் அயர்ன் பாஸ்பேட் என்ற ரகம் சூட்டை நன்றாகத் தாங்கும், தீ அபாயமும் குறைவு, கோபால்ட்டும் நிக்கலும் அதில் கிடையாது. எடை சற்றுக் கூடுதல். நம் ஊருக்கு அதுதான் சரி. வாங்கும்போது எந்த ரகம், திரவக் குளிர்ச்சி உண்டா என்று கேளுங்கள். பல கம்பெனிகள் 8 வருடம் அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. எத்தனை சதவீதத்துக்குக் கீழே கொள்ளளவு போனால் மாற்றித் தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். என் கார் முதலில் போன தூரத்தில் இப்போது பத்தில் ஒன்பது பங்கு போகிறது.

மழை வெள்ளத்தில்?

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் இரண்டு பக்கமும் கார்கள் வரிசையாக நின்றதை எல்லோரும் பார்த்தோம். என் காரும் அன்றைக்கு மேட்டில்தான் நின்றது. ஏனென்றால் ஐ.பி.67 என்ற முத்திரைக்கு அர்த்தம், ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும் என்பதுதான். மடிப்பாக்கத்துத் தண்ணீர் அரை மணி நேரத்தில் வடியும் தண்ணீரா?

முழங்கால் தண்ணீரைக் கடப்பதில் மின்சாரக் காருக்கு ஒரு அனுகூலம் உண்மையிலேயே உண்டு. காற்று உறிஞ்சும் குழாய் கிடையாது, அதனால் பெட்ரோல் எஞ்ஜின் மாதிரி தண்ணீரைக் குடித்துச் சாகாது. ஆனால் மூழ்கி நின்ற வண்டியை, எந்த வண்டியானாலும், ஆன் செய்து பார்க்கவே கூடாது. சார்ஜ் போடவும் கூடாது. இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள்.

யாரும் சொல்லாத குறை இன்னொன்று. வெள்ளம் வந்தால் பாதுகாப்புக்காகக் கரன்டை நிறுத்திவிடுவார்கள். அந்த முறை எங்கள் தெருவில் மூன்று நாள் இல்லை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானிலை எச்சரிக்கை வந்தவுடன் நான் முழு சார்ஜ் ஏற்றி, மேட்டில் நிறுத்திவிடுகிறேன். அந்த மூன்று நாளில் மேல்வீட்டு தாத்தாவை டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் அந்த சார்ஜில்தான்.

மதுரைக்குப் போய் வர முடியுமா?

சுமார் 460 கிலோமீட்டர். போகலாம், திட்டம் வேண்டும். விளம்பரத்தில் 450 என்றால், நாலு பேர், ஏ.சி., நூறு வேகத்தில் 300 வந்தால் சந்தோஷப்படுங்கள். வழியில் ஒரு தடவை முக்கால் மணி நேரம் நிறுத்தினால் போதும், சார்ஜர் வேலை செய்தால்.

போன வருடம் உளுந்தூர்பேட்டை தாண்டி ராத்திரி பத்தரைக்கு ஒரு இடத்தில் நுழைந்தோம். ஒரு சார்ஜரின் திரை இருட்டு. இன்னொன்றில் வேறு வண்டி. ஒரு மணி நாற்பது நிமிடம். பின்சீட்டில் அம்மாவும் பொண்ணும் தூங்கிவிட்டார்கள், நானும் அந்த வண்டிக்காரரும் டீக்கடையில் உட்கார்ந்து வீட்டுக்கடன் வட்டியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அதிலிருந்து 30 சதவீதம் இருக்கும்போதே நிறுத்துகிறேன், அதற்கடுத்த சார்ஜர் எங்கே என்பதையும் குறித்து வைக்கிறேன். பொங்கல், தீபாவளிக்கு முந்தின நாள் ஜி.எஸ்.டி. சாலையில் கிளம்புவதாக இருந்தால் ரயிலில் போங்கள்.

வேகத்தைக் குறைத்தாலே தூரம் கூடும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது: 80-ல் இருப்பதைப்போல் 100-ல் ஒன்றரை மடங்குக்கும் மேல். பெட்ரோல் காருக்கும் இதே விதிதான்.

சி.என்.ஜி. எப்படி?

சி.என்.ஜி. என்பது அழுத்தி நிரப்பிய இயற்கை எரிவாயு. தெருவில் நிறுத்துகிறவர், மாதம் நிறைய ஓட்டுகிறவர், டாக்ஸி வைத்திருப்பவர் இவர்களுக்கு நல்ல வழி. சென்னை ஆட்டோக்காரர்கள் எல்.பி.ஜி.யில் பல வருடமாகச் செய்வதைத்தான் நீங்கள் காரில் செய்யப்போகிறீர்கள். புகை குறைவு, செலவும் பெட்ரோலைவிடக் குறைவு. எண்ணூரில் 2019-ல் எல்.என்.ஜி. (திரவமாக்கிய இயற்கை எரிவாயு) முனையம் வந்தபிறகு நகரில் பங்க்குகளும் கூடியிருக்கின்றன. குறைகள்: டிக்கியில் சிலிண்டர் உட்கார்ந்துகொள்ளும், ஏர்போர்ட்டுக்கு இரண்டு சூட்கேஸோடு போகிறவர் யோசிக்க வேண்டும். மேம்பாலம் ஏறும்போது இழுவை குறையும். 200 பார் அழுத்தம் தாங்கும் சிலிண்டர் அது, மூன்று வருடத்துக்கு ஒரு முறை சோதனை கட்டாயம். சான்றிதழ் காலாவதியானால் பங்க்கில் நிரப்ப மாட்டார்கள். கம்பெனியே பொருத்தித் தரும் வண்டியை வாங்குங்கள். மலிவாகக் கிடைக்கிறது என்று ஷெட்டில் பொருத்திக்கொண்ட ஒரு வண்டியின் குழாய் இணைப்பை நான் சோப்புத் தண்ணீர் போட்டுப் பார்த்தேன். நுரை பொங்கிக்கொண்டே இருந்தது.

ஹைப்ரிட்?

பெட்ரோல் எஞ்ஜினும் மின்மோட்டாரும் சேர்ந்த கார் இது. சென்னை நெரிசலுக்கென்றே செய்தது போன்றது. பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியைப் பேட்டரியில் சேர்த்து, அடுத்த சிக்னலில் அதைக் கொண்டே நகரும். ஊர்ந்து போகும்போது எஞ்ஜின் பாதி நேரம் அணைந்தே இருக்கும். பிளக் தேவையில்லை. மாருதி கிராண்ட் விட்டாராவின் ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்குச் சோதனைக்கூட மைலேஜ் 27.97. சாலையில் அது வராது, ஆனால் இருபதைத் தொடும். "மைல்ட் ஹைப்ரிட்" என்று எழுதியிருந்தால் ஏமாறாதீர்கள், அது மோட்டாரில் தனியாக ஓடாது. விலைதான் தடை. வெளியூர் அதிகம், பார்க்கிங்கில் பாயின்ட் இல்லை, பணம் இருக்கிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

என் 2014 பெட்ரோல் காருக்கு இ20 கெடுதலா?

இ20 என்றால் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஒரு லிட்டரில் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. 20 சதவீதம் கலந்தால் கணக்கு தானாகவே 6, 7 சதவீதத்தில் வந்து நிற்கும். நிதி ஆயோக் 2021-ல் வெளியிட்ட அறிக்கையும் பழைய வகைக் கார்களுக்கு மைலேஜ் அதே அளவு குறையும் என்றுதான் சொன்னது. ஆக, "மைலேஜ் குறைந்துவிட்டது" என்று மெக்கானிக்கிடம் போகிறவர்கள் கற்பனை செய்யவில்லை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். கடலோர ஊரில் மாதக்கணக்கில் அரை டேங்கோடு நிறுத்தி வைக்காதீர்கள். பழைய ரப்பர் குழாய், கேஸ்கெட்டுகளை சர்வீஸில் ஒரு முறை பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

கச்சா எண்ணெய் இறக்குமதி குறைவது நாட்டுக்கு நல்லதுதான். ஆனால் கரும்பு குடிக்கும் தண்ணீரை நினைத்தால் எனக்கு மனசு ஒப்பவில்லை. 2019 கோடையில் குடத்தோடு லாரிக்கு நின்ற ஊர் இது.

ஹைட்ரஜன் வருகிறதாமே?

பெரம்பூர் ஐ.சி.எஃப்.பில் 2025 ஜூலையில் ஹைட்ரஜன் ரயில் பெட்டியைச் சோதித்தார்கள், பெருமையான விஷயம். காருக்கு வேண்டாம். 100 யூனிட் மின்சாரத்தில் ஹைட்ரஜன் பிரித்து, அழுத்தி, திரும்ப மின்சாரமாக்கினால் சக்கரத்துக்கு 30 யூனிட் வந்தால் அதிகம். அதே 100-ஐ பேட்டரியில் போட்டால் 70-க்கு மேல் வரும். ரயில், கனரக லாரி, உரம், இரும்பு ஆலைக்கு அது போகட்டும்.

லிட்டருக்கு 100 கிலோமீட்டர் ஓடும் கார் என்கிறார்களே, ஏன் கடைக்கு வரவில்லை?

வந்தது. ஃபோக்ஸ்வாகன் எக்ஸ்.எல்.1 என்று 250 கார் மட்டும் செய்தார்கள். 100 கிலோமீட்டருக்கு 0.9 லிட்டர் டீசல் என்று கணக்கு. எடை 795 கிலோ, உடல் கார்பன் இழை, இரண்டே சீட்டு, தரையோடு தரையாக மீன் மாதிரி உடம்பு. விலையோ சாதாரண ஆள் நெருங்க முடியாதது. பள்ளிக்கரணையில் ஒரு ஸ்பீடு பிரேக்கர் தாண்டாது. அதோடு, அந்த மீன் வடிவம் வேகமாகப் போனால்தான் பலன் தரும். நாம் 20, 25-ல் ஊர்கிறோம். நம் ஊரில் எரிபொருளைத் தின்பது எடையும், நின்று நின்று கிளம்புவதும்.

ஒரே ஆள் ஆபீஸ் போக ஒன்றே முக்கால் டன் எஸ்.யு.வி.யை நகர்த்துவதை, அது மின்சாரமே ஆனாலும், சிக்கனம் என்று என்னால் சொல்ல முடியவில்லை. உண்மையான சிக்கன வண்டி நம் தெருவிலேயே ஓடுகிறது. மின்சார ஸ்கூட்டர் ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டர் போகும். சென்னை ஐ.ஐ.டி.யில் படித்த இரண்டு இளைஞர்கள் 2013-ல் தொடங்கிய ஏத்தர் ஸ்கூட்டர் கம்பெனியின் தொழிற்சாலை ஓசூரில் இருக்கிறது. வீட்டில் ஒரு சின்ன காரும் ஒரு மின்சார ஸ்கூட்டரும் இருந்தால், பெரிய மின்சாரக் கார் செய்யும் மிச்சத்தைவிட அதிகம்.

தண்ணீரில் ஓடும் கார், மூலிகை பெட்ரோல்?

இல்லை. 1996-ல் மூலிகை பெட்ரோல் என்று தமிழ்நாடே கொண்டாடியது, நானும் நம்பினேன். அந்தப் பெயரில் எரிபொருள் விற்ற வழக்கில் எழும்பூர் நீதிமன்றம் 2016-ல் 3 வருடச் சிறை விதித்தது. தண்ணீர் என்பது ஏற்கெனவே எரிந்து முடிந்த ஹைட்ரஜன். சாம்பலை மறுபடி கொளுத்த முடியாது. மாற்று எரிபொருளுக்கு நம் ஊரில் நிஜமான சரித்திரம் இருக்கிறது: 1895-லேயே மெட்ராஸில் மின்சார டிராம் ஓடியது, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கரி வாயுவில் பஸ் ஓட்டினார்கள். அவை வேலை செய்தன, ஏனென்றால் எரிப்பதற்கு நிஜமாகவே ஒன்று இருந்தது.

கரன்டே நிலக்கரியிலிருந்துதானே வருகிறது? அப்புறம் என்ன சுத்தம்?

நியாயமான கேள்வி, நானே என்னைக் கேட்டுக்கொள்வது. இந்திய மின்சாரம் ஒரு யூனிட்டுக்கு சுமார் 0.7 கிலோ கரியமில வாயு. என் கார் கிலோமீட்டருக்கு 117 கிராம் ஆகிறது. லிட்டர் பெட்ரோல் எரிந்தால் 2.3 கிலோ. 13 மைலேஜ் காருக்கு 177 கிராம். மூன்றில் ஒரு பங்கு குறைவு. பூஜ்ஜியம் இல்லை. பேட்டரி செய்யும்போது ஆகும் புகையைக் கழிக்கவே சில வருடம் ஓட்ட வேண்டும்.

அண்ணா சாலையில் டிராஃபிக் போலீஸ்காரர் சுவாசிக்கும் காற்று என் வண்டியால் கெடவில்லை, அது நிச்சயம். ஆனால் அந்தக் கரன்டுக்காக எண்ணூரிலும் அத்திப்பட்டிலும் சாம்பல் விழுகிறது. கொசஸ்தலை ஆற்றில் மீனவர்கள் வலையில் சாம்பல் சேறு வருவதை நேரில் பார்த்திருக்கிறேன். என் புகையை அவர்கள் வீட்டு வாசலுக்கு மாற்றி வைத்துவிட்டு "பசுமை" என்று ஸ்டிக்கர் ஒட்டிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அதனால் வீட்டில் இருக்கும் நாளில் பகலில், சோலார் கரன்ட் கிரிட்டில் நிறைய இருக்கும் பதினொன்றிலிருந்து மூன்று மணிக்குள் சார்ஜ் போடுகிறேன். ஆடி மாதம் காற்றாலைகள் சுற்றும்போது ராத்திரியும் பரவாயில்லை.

அப்பாவின் 12 வருட ஆல்ட்டோ நன்றாக ஓடுகிறது. மாதம் 200 கிலோமீட்டர்தான். மாற்றலாமா?

வேண்டாம். மாதம் 16 லிட்டர் பெட்ரோலுக்காகப் புதிதாக ஒரு காரைச் செய்ய வைக்காதீர்கள். டயரில் காற்று சரியாக இருக்கிறதா என்று பதினைந்து நாளுக்கு ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள், ஏர் ஃபில்டரை மாற்றுங்கள், டிக்கியில் கிடக்கும் பழைய ஸ்டெப்னி ரிம்மையும் அரிசி மூட்டைச் சாக்கையும் இறக்குங்கள். வண்டி எஃப்.சி.க்குப் போகும் வருடம் வரட்டும். அதற்குள் உங்கள் அபார்ட்மென்ட்டில் பாயின்ட் போட்டு வைத்திருங்கள்.